மூன்று பல் சீப்பு

ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

முதலில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அறையில் கூடத் தங்கியிருப்பவர்களுக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். ஒட்டவைத்துப் படிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே அப்பா சுகம், அம்மா முட்டிவலியோடு சுகம், தையல் மெஷினும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அதை வெளியே சொல்ல முடியாததால் நானும் சுகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி, எனக்குக் கரும்பலகை தெரியவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கணக்கு டீச்சர் எழுதுவது புகை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். அதற்குக் கூலியாக அவள் பாவாடைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கன்னம் வலிக்கிறது.

கிட்டத்தில் எல்லாம் நன்றாகத் தெரியும். எறும்புக்கு மீசை இருந்தால் அதையும் எண்ணிவிடுவேன். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவுக்கு இருபது ஊசியில் நூல் கோத்து ஊசி மெத்தையில் குத்தி வைப்பதே நான்தான். மெஷின் ஊசியும் என் பொறுப்பு. அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லையாம்.

அப்பா என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "எந்நேரமும் புக்குல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு கெடந்தா கண்ணுதான் போகும். கண்ணாடி போடணும்னு ஒரு டாக்டர் சொல்லட்டும், அன்னிக்கே புக்கை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவேன்." இதற்கு அவரிடம் இரண்டு அத்தாட்சிகள் உண்டு. ஒன்று, கணக்கு டீச்சர். நிறையப் படித்தார், கண்ணாடி வந்தது, முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் வரவில்லை. இரண்டு, அப்பாவே. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டார். இன்றைக்கும் தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் நம்பரைக் கடைக்குள்ளிருந்தே சொல்லுவார். பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் பாதிப்பேர் அவர் குரல் கேட்டுத்தான் ஓடுகிறார்கள்.

அக்டோபரில் கண் பரிசோதனைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். இருபது அடி தள்ளி ஒரு பலகையை மாட்டிப் படிக்கச் சொல்வார்களாம். நான் மாட்டினால் பத்தாவது நடுவிலேயே என் படிப்பு பரணுக்குப் போய்விடும்.

நீங்கள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறீர்கள். நம் வீட்டில் படித்தவரும் நீங்கள் ஒருவர்தான். "என் தங்கச்சி டவுனுக்குப் போய்ப் படிச்சா, இன்னிக்கு ஆஸ்பத்திரில உத்தியோகம்" என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை இதுவரை கொண்டுவந்திருக்கிறாள். அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று வரிசை மாறாமல் எழுதி அனுப்புங்கள். புத்தகத்தையே மனப்பாடம் செய்கிறவளுக்குப் பலகை எம்மாத்திரம்?

பதிலை அம்மா பெயருக்குப் போடுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். அதனால் பயமில்லை.

வெட்டுத்துணி மூட்டைகள் போடும் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அளவு வெட்டும் பழுப்புத் தாள், மன்னிக்கவும்.

உங்களையே நம்பியிருக்கும்,
அக்கா மகள்


ஜூலை 28

பெறுநர்: என் அக்காள் மகள்.

பொருள்: கண் – தூரத்துப் பார்வை மங்கல் – அதனை மறைத்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களது ஜூலை 9 தேதியிட்ட கடிதம்.

மேற்காணும் பொருள் தொடர்பாக, பார்வையில் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. இவ்விடம் நலம். அவ்விடத்து நலம் குறித்து விரைவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அக்காளின் முட்டிவலிக்குத் தைலம் தனியே அனுப்பப்படும்.

தாங்கள் கோரியபடி இக்கடிதம் யாருக்கும் காட்டப்படவில்லை என்பதை உறுதி செய்கிறேன். கிழிக்கும் பணி நடவடிக்கையில் உள்ளது.

பலகை குறித்த தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மேலும், கண்ணாடி அணிவது குற்றமாகாது என்பதும், பார்வைக் குறைவுக்கும் படிப்புக்கும் தங்கள் தந்தையார் கூறும் தொடர்பு இல்லை என்பதும் மருந்து வழங்கும் பிரிவின் தாழ்மையான கருத்தாகும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சித்தி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை எழுந்து நின்று படித்தேன். உட்கார்ந்து படித்தால் மரியாதையாக இருக்காது போலிருந்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

ஆனால் அது என் கைக்கு வந்த விதத்தைக் கேளுங்கள். தபால்காரர் அன்றைக்கென்று பார்த்து நேரே கடைக்குள் போய் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். நான் உள்ளே சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியதே தெரியவில்லை. அப்பா உறையைப் பிரித்தார். கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். பின்பக்கம் சாய்ந்தார். நாற்காலியின் முன்னங்கால் இரண்டும் தூக்கிக்கொண்டன. கடைசியில், "என்ன எழுத்து இது, எறும்பு ஊர்ந்த மாதிரி. இந்தா, நீயே படி" என்று என்னிடம் தந்துவிட்டார். அவ்வளவு பெரிய, உருண்டையான எழுத்து சித்தி அது. அப்பாவுக்கு எப்போதுமே பிறர் கையெழுத்து பிடிக்காது, நான் பிழைத்தேன்.

அங்கே மழை நன்றாகப் பெய்கிறது, எல்லோரும் நலம், மாமாவின் தையலை இங்கே பலரும் பாராட்டுகிறார்கள் என்று படித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

ஒரு சந்தேகம். மருந்துப் பிரிவுக்கு என் விஷயம் எப்படித் தெரியும்? நீங்கள் யாரையோ பற்றிக் கேட்பதுபோலப் பொதுவாகக் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துத் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

பரிசோதனை அக்டோபர் 16. பலகையைச் சீக்கிரம் அனுப்புங்கள். இதையும் யாருக்கும் காட்டாதீர்கள். முன்னதைவிட இதை இன்னும் சிறிதாகக் கிழியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா மகள்


செப்டம்பர் 14

அக்காள் பெற்றெடுத்த ஆருயிர்ச் செல்வமே,

நலமா? நீ நலமென்றால் நான் நலம். நீ நலமில்லையென்றால் இந்த வானமே நலமில்லை.

வாழ்க்கை என்பது நெடுஞ்சாலை. அதில் கண்தான் ஹெட்லைட். ஹெட்லைட் மங்கிவிட்டது என்று வண்டியையே பரணில் ஏற்றுவேன் என்கிறாரே உன் தகப்பனார், இது எந்த ஊர் நியாயம்? உன் கடிதத்தைக் கேட்டு உன் சித்தி கண்கலங்கினாள். நானும் கலங்கினேன். அதாவது, சித்தியே இரண்டாம் முறையும் கலங்கினேன்.

கலங்காதே. நீ கேட்ட பலகை இதோ. இதைச் சித்தி தன் கைப்பட வரைந்திருக்கிறாள். நான்தான் அந்தச் சித்தி என்பதால், நானே வரைந்திருக்கிறேன். எல்லா வரியிலும் ஒரே உருவம்தான்: மூன்று பல் உள்ள சீப்பு. பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். மேல் வரி, ஒன்றே ஒன்று, வலது. அடுத்த வரி, மேல், இடது. அதற்கும் அடுத்தது, கீழ், வலது, மேல். மிச்சம் படத்தில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாது, அவ்வளவு நிச்சயம்.

துணிந்து செல். பிரேக்கில் காலை வைக்காதே.

என்றும் உன் நினைவில் ஓடும்,
சித்தி

(இங்கே கேன்டீனில் அனைவரும் உனக்கு வாழ்த்து சொன்னார்கள். காரணம் சொல்லாமல்தான் வாழ்த்தச் சொன்னோம்.)


அக்டோபர் 18

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் இல்லை.

உங்கள் சீப்புகளை ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, அம்மாவுக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் வலது, மேல், இடது. கையை இப்படி வீசிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அம்மா எனக்குச் சுளுக்கு என்று நினைத்து அதே தைலத்தை எனக்கும் தேய்த்துவிட்டாள்.

பதினாறாம் தேதி கணக்கு டீச்சர் வரிசையில் நிறுத்தினார். எனக்கு முன்னால் போனவர்கள் மெதுவான குரலில் ஏதோ சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை. என் காதில் வலது, மேல், இடதுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் முறை வந்தது. இருபது அடிக்கு அப்பால் வெள்ளையாக ஏதோ தொங்கியது. அது பலகையா, சுவரா, டீச்சரின் சேலையா என்றுகூட எனக்குத் தெரியாது. பரிசோதிக்க வந்த அக்கா, "ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். வலது என்று கையை நீட்டினேன். மேல் என்று தூக்கினேன். இடது. கீழ். எங்கேயும் தடுக்காமல் ஆறு வரியும் முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பாப்பா," என்றார் அந்த அக்கா, "நீ என்ன டிராபிக் போலீஸா?"

அங்கே தொங்கியது எழுத்துப் பலகையாம். ப, ட, ர என்று எழுத்து. எனக்கு முன்னால் பதினாறு பேரும் அதைத்தான் படித்தார்கள். பள்ளிக்கூடமே சிரித்தது. கணக்கு டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்துத் துடைத்தாரா வேறு எதற்காகவோ துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருந்தார். இப்போது எல்லோரும் என்னை டிராபிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கண்ணாடி கட்டாயம் என்று சீட்டு எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அதை ஊசி குத்தும் மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

சித்தி, நான் உங்கள்மேல் கோபப்பட்டு எழுதவில்லை. அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். "நீ சொன்னது படிக்கத் தெரியாதவங்களுக்கு வைக்கிற பலகை பாப்பா. உனக்கு யார் சொல்லிக்குடுத்தா?" நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு ராத்திரியாக உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் எழுத்து உருண்டை, ஒன்றில் சாய்வு. ஒன்றில் 'கிடைக்கப்பெற்றது', ஒன்றில் 'உன் கடிதத்தைக் கேட்டு'. என் அம்மா பெயருக்கு வரும் கடிதத்தை நான் படித்துக் காட்டுகிறேனே, அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சித்தி, 'யாருக்கும் காட்டாதீர்கள்' என்று நான் எழுதியதை உங்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

அக்கா மகள்


நவம்பர் 25

(தங்கச்சிக்கு வணக்கம். நான் இங்கே பயிற்சி நர்ஸ். உன் சித்தி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.)

கண்ணு, நல்லா இருக்கியா? உங்கம்மா முட்டி எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். எழுதிட்டியா? சரி. இதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கிறது... இதை எழுதாதம்மா, நான் யோசிக்கிறேன். அடப்பாவி, இதையும் எழுதிட்டியா?

ஆமா கண்ணு. எனக்குப் படிக்கத் தெரியாது. பன்னெண்டு வயசுல ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வந்தேன். படிக்க வைக்கிறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. தட்டு கழுவி அடுக்கறதுக்கே பொழுது சரியாப் போச்சு. அப்புறம் இந்த ஆஸ்பத்திரி. தரை துடைக்கிறேன். நானா உத்தியோகம்னு சொன்னதே இல்ல. உங்கம்மா சொன்னா, நான் இல்லேன்னு சொல்லல. அவ்வளவுதான் என் தப்பு.

அந்தச் சீப்புப் பலகையப் பதினெட்டு வருஷமா தெனம் துடைக்கிறேன். அடுத்த ரூம்ல எழுத்துப் பலகை. அதையும்தான் துடைக்கிறேன். ஆனா அதை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். துடைச்சுட்டு வந்துருவேன். நீ பலகைன்னு கேட்டதும், உலகத்துல எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒண்ணே ஒண்ணை அனுப்பினேன். அது உன்னை இப்படி நிக்க வெக்கும்னு நெனைக்கல.

யாருக்கும் காட்டாதேன்னு நீ சொன்ன. நான் காட்டல. மருந்து குடுக்கிறவர்கிட்ட மட்டும் குடுத்தேன். அவர் சத்தமா படிக்கிற மனுஷன். வரிசைல நின்னவங்களுக்குக் கேட்டிருக்கு. ஒரு நாப்பது பேர் இருக்கும். அடுத்ததை ஆம்புலன்ஸ் டிரைவர் கேன்டீன்ல வெச்சுப் படிச்சார். அவ்வளவுதான். வேற யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டரம்மா மட்டும் ரவுண்ட்ஸ் வரும்போது, அந்தக் கண்ணு தெரியாத பொண்ணு கடிதம் வந்துச்சான்னு கேட்டாங்க.

கோபமா இருக்கியா? இருந்தா எழுது. எழுதினா இந்தப் பொண்ணு படிச்சுக் காட்டுவா.

(எழுதியது நான். சொன்னது அவர். அழுதது இரண்டு பேரும்.)


டிசம்பர் 14

அன்புள்ள சித்திக்கும், இதைப் படித்துக் காட்டுகிற அக்காவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற எல்லோருக்கும்,

எல்லோரும் நலமா? யாருக்கும் காட்டாதீர்கள் என்று இனி யாரிடம் சொல்வது?

எனக்குக் கோபம் இல்லை. உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். என் கண் விஷயமும் அதிலேயே வெளியே வந்துவிட்டது. அம்மா ரொம்ப நேரம் காய் நறுக்கினாள். பிறகு சொன்னாள்: "இந்த வீட்ல ஒருத்தியாவது படிச்சவ இருக்கான்னு சொல்லணும்ல. இல்லேன்னா உன்னை மூணாவதுலயே நிறுத்தியிருப்பார். எங்கிட்ட இருந்தது ஒரு தங்கச்சி. அவளைப் படிக்க வெச்சேன், வாயாலயே." கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நாளையிலருந்து நீ ஊசி கோக்காத" என்றாள். ஏன் என்று கேட்டால், "சொன்னதைச் செய்" என்றாள்.

முதல் நாள் அப்பா கரண்ட் மங்கல் என்றார். இரண்டாம் நாள் நூல் மட்டம் என்றார். மூன்றாம் நாள் ஊசிக்குக் காதே வைக்காமல் விற்கிறான்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். நான்காம் நாள் ஊசியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மெத்தையில் ஓங்கிக் குத்தினார். உள்ளே தாள் சரசரத்தது.

பிரித்தார். சீட்டு வந்தது. கையை நீட்டினார், இன்னும் நீட்டினார், நாற்காலி சாய்ந்தது. அம்மா பக்கம் நீட்டினார். அம்மா, "எனக்கென்ன தெரியும்" என்றாள். சீட்டு என் கைக்கு வந்தது. "படி" என்றார்.

சித்தி, நான் மறைத்துவைத்த சீட்டைப் படிக்க முடிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். மழை நன்றாகப் பெய்கிறது என்று படித்திருக்கலாம். வாய்வரை மழை வந்துவிட்டது. அப்போது நீங்கள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் துடைக்கிறது ஞாபகம் வந்தது. இருந்ததை இருந்தபடி படித்தேன். தூரப்பார்வை குறைவு. கண்ணாடி கட்டாயம்.

அப்பா எழுந்து பரணைப் பார்த்தார். அம்மா நகரவில்லை. "புக்கு படிச்சாக் கண்ணு போகும்னீங்க. சரி. நீங்க எந்த புக்கைப் படிச்சீங்க?" என்றாள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். தெருமுனையில் பஸ் திரும்பியது. அவர் நம்பர் சொல்லவில்லை. இரண்டு பேர் பஸ்ஸை விட்டார்கள்.

இதோடு உங்களுக்கு ஒரு பலகை அனுப்புகிறேன். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. அடுத்த வரியில் இரண்டு, கொஞ்சம் சிறிது. இப்படி நான்கு வரி. சுவரில் ஒட்டுங்கள். இதைத் துடைக்க வேண்டாம், நிமிர்ந்து பாருங்கள். ஒரு வரி தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போங்கள்.

அன்புடன்,
டிராபிக்


ஜனவரி 23

அன்புள்ள சித்திக்கு,

உங்களை நேரில் பார்த்து நான்கு நாளாகிறது. அதற்குள் நலமா என்று கேட்பது வேடிக்கை. இருந்தாலும், நலமா?

அப்பாவும் நானும் கண்ணாடி வாங்க அங்கே வரும்போது பஸ்ஸில் நடந்ததை உங்களிடம் சொல்ல நேரமில்லை. தூரத்தில் வருகிற நம்பரை அப்பா படித்தார், கையில் கொடுத்த டிக்கெட்டை நான் படித்தேன். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு" என்றார். ஐந்து வாரத்தில் என்னோடு அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததும் காவலாளி, "யாருக்கும் காட்டாதீங்க பொண்ணுதானே நீ?" என்று கேட்டார். மருந்து கொடுப்பவர் எழுந்து நின்று, "பொருள், கண்ணாடி வழங்குதல் தொடர்பாக" என்றார். டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். கேன்டீனிலிருந்து கரண்டியோடு வந்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நம் குடும்பத்துக்கு இங்கே இவ்வளவு செல்வாக்கா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் வாளியும் துடைப்பமுமாக வந்தபோது அப்பா உங்களைப் பார்த்ததை நானும் பார்த்தேன். திரும்பும்போது பாதி வழிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "அந்தத் தரையில முகம் பார்க்கலாம் போலருந்துச்சு" என்றார். இன்னும் நான்கு நிறுத்தம் கழித்து, "உங்கம்மா லேசுப்பட்டவ இல்ல" என்றார்.

என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். கணக்கு டீச்சருக்கு இடது கன்னத்தில் குழி விழும் என்று முதன்முதலாகத் தெரிந்தது. இத்தனை நாளும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்பாவுக்கு அங்கே கொடுத்த கண்ணாடி, மெஷினின் நூல் பாபின் போடும் டப்பாவில் கிடக்கிறது. கடை ஷட்டரை இறக்கிய பிறகுதான் போடுகிறார். டெய்லருக்குக் கண் தெரியாது என்று ஊர் சொல்லுமாம். பதினொன்றாவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிகிறது, மேலே படிக்க டவுனுக்கு பஸ்ஸில் போக வேண்டும். பரணையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

இரண்டாவது பலகை இதோடு இருக்கிறது. பதில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டிராபிக்


மார்ச் 11

அன்புள்ள சித்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏழு வாரமாகப் பதில் இல்லை. பயிற்சி நர்ஸ் அக்கா ஊருக்குப் போய்விட்டார்களா? மருந்துக்காரர் எழுதினாலும் பரவாயில்லை, 'பொருள்' போட்டே எழுதட்டும். டிரைவர் அண்ணன் எழுதினாலும் சரி, ஹெட்லைட்டைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பரீட்சை. மூன்றும் நான்கும் தனியே அனுப்பினேனே, கிடைத்ததா? இதோடு ஐந்தாவது பலகை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா மகள்


ஏப்ரல் 19

க
ண் ணு
நா ன் சி த் தி

நானே. பக்கத்தில் யாரும் இல்லை.

நலமா. நான் நலம். அக்கா முட்டி நலமா.

எழுதித் தரேன் என்று எல்லாரும் வந்தார்கள். வேண்டாம் என்றேன். அதான் தாமதம். மருந்துக்காரருக்குக் கோபம்.

உன் மார்ச் கடிதம் நானே படித்தேன். மூன்று நாள் ஆச்சு.

யாருக்கும் காட்டலை.

சித்தி


மே 24

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். இந்த முறை அது உங்களால் முடியும் என்பதால் கேட்கிறேன்.

நலமா? உங்கள் கடிதத்தை அம்மா என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. மேலே இருந்த ஒற்றை எழுத்தை விரலால் தடவி, "இது க தானே?" என்றாள். எனக்குத் தெரியாமல் உங்களுக்கு அனுப்பும் பலகைகளைப் பார்த்து வைத்திருக்கிறாள். அதை வெளியே சொன்னால் முட்டிவலி தைலத்தை என் கண்ணில் தேய்ப்பேன் என்றாள். அதனால் அதுவும் இரகசியம்.

அப்பா விஷயம் கேளுங்கள். போன மாதம் கணக்கு டீச்சர் ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். கொக்கி ஆறு, வளையம் ஐந்து. அப்பா ஏதோ சொல்லிச் சமாளித்தார். டீச்சர், "கண்ணாடி போட்டதால எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்றீங்களாமே. அது கண்ணாடியால இல்லீங்க டெய்லர். நீங்க தைச்ச ஜாக்கெட்டால" என்றார். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். அப்பா அந்த நான்கு பேர் முன்னாலேயே பாபின் டப்பாவைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தையலைப் பார்த்தார்.

அரைநாள் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கண் மங்கிய மூன்று வருஷத் தையலையும் மனத்தில் எண்ணிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் தெருவுக்கே சொல்லியனுப்பினார், தைத்ததை எல்லாம் கொண்டுவாருங்கள் என்று. வரிசை பஸ் நிறுத்தம்வரை நின்றது. டீச்சர் ஒன்பது ஜாக்கெட்டோடு வந்தார். எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊசி கோக்க என்னைக் கூப்பிடுவதில்லை. கோத்து முடிக்கும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார், அவ்வளவுதான்.

பரீட்சையில் பாஸாகிவிட்டேன். கணக்கில் தொண்ணூற்றொன்று. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். பதினொன்றாவது என்று தொடங்கினேன், மெஷினை மிதித்துவிட்டார், சத்தத்தில் என் குரல் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால், "நான் கேட்க வேண்டியதை அன்னிக்கே கேட்டுட்டேன்" என்கிறாள்.

இன்று சாயந்திரம் ஒன்று பார்த்தேன். அதற்காகத்தான் பயந்து பயந்து எழுதுகிறேன். வெட்டு மேஜைக்குக் கீழே புதுத் துணி ஒரு சுருள் இருக்கிறது. கரும்பச்சை. கண்ணாடி இருப்பதால் நிறம் தப்பாகத் தெரிய வாய்ப்பில்லை. அது டவுன் மேல்நிலைப் பள்ளியின் பாவாடை நிறம் சித்தி. இந்தத் தெருவிலிருந்து அங்கே படிக்கிறவர்கள் யாருமில்லை. வேறு ஊர்க்காரர் ஆர்டராக இருக்கலாம். சோபா உறைக்காக இருக்கலாம். ஆசைப்பட்டுவிட்டு அது சோபா உறையாகப் போனால் என்னால் தாங்க முடியாது. அளவுப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பெயர் போடாமல் ஒரு வரி மட்டும் இருந்தது. இடுப்பு, உயரம் என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்ட மாட்டாள், கூப்பிடுவாள். இருமல் சத்தம் கேட்கிறது. அப்பாதான். எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை, விளக்கைப் பார்த்துவிட்டார். "தூங்கலன்னு தெரியும், எந்திரிச்சு நேரா நில்லு, டேப்பைக் கொண்டாந்திருக்கேன்" என்கிறார், சித்தி, உயரம்